அக்னாய் அடுப்பு: தீர்ப்பில் வென்றவர்கள் தோற்றவரை எப்படி நடத்தினார்கள்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூத் பற்றிக் கேள்விப்பட்ட பெரும்பாலானோருக்கு அக்னாய் அடுப்பின் கதை தெரிந்திருக்கும். ஓர் அடுப்பு தீட்டுப்படுமா என்ற சர்ச்சையில், ரபி (யூதச் சமய ஆசான்) எலியேசர் பென் ஹிர்கானுஸ் ஒரு பக்கம், மற்ற அறிஞர்கள் அனைவரும் மறுபக்கம். தம் கருத்தே சரி என்று நிறுவ அவர் கரோப் மரத்தை நூறு முழம் நகரச் செய்கிறார். நீரோடையைப் பின்னோக்கி ஓடச் செய்கிறார். கல்விக்கூடத்தின் சுவர்களைச் சாயச் செய்கிறார். கடைசியில் வானிலிருந்து எழும் குரலே அவர் பக்கம் பேசுகிறது. அப்போது ரபி யோசுவா எழுந்து, உபாகமம் 30ஆம் அதிகாரத்தின் சொற்களை எடுத்து, 'அது வானத்தில் இல்லை' என்கிறார். இறைவனின் சட்டமான தோரா சீனாய் மலையிலேயே மனிதர்களிடம் கொடுக்கப்பட்டுவிட்டது, இனிப் பெரும்பான்மையின் முடிவே முடிவு என்று ரபி யிர்மியா விளக்குகிறார். அந்த நேரத்தில் இறைவன் என்ன செய்தார் என்று ரபி நாத்தான் எலியாவிடம் கேட்க, 'என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள் என்று சொல்லிப் புன்னகைத்தார்' என்பது விடை.

கதையை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் புன்னகையோடு நிறுத்திவிடுகிறார்கள். பாபிலோனியத் தல்மூதோ அங்கே நிறுத்துவதில்லை. அதே நாளில் ரபி எலியேசர் தூய்மையானவை என்று தீர்ப்பளித்த பொருள்களையெல்லாம் கொண்டுவந்து தீயிலிட்டார்கள். பிறகு வாக்கெடுத்து அவரைச் சமூக விலக்குக்கு உள்ளாக்கினார்கள். செய்தியைச் சொல்ல அவருடைய மாணவர் ரபி அக்கீவா போகிறார். ரபி எலியேசர் ஆடையைக் கிழித்து, காலணிகளைக் கழற்றி, தரையில் அமர்ந்து அழுகிறார். உலகின் ஒலிவ விளைச்சலிலும் கோதுமையிலும் வாற்கோதுமையிலும் மூன்றில் ஒரு பங்கு அழிகிறது. கப்பலில் வந்துகொண்டிருந்த தலைவர் ரபான் கமாலியேலை மூழ்கடிக்க ஓர் அலை எழுகிறது. அவர் மன்றாடியதும் கடல் அடங்குகிறது. ஆனால் சில காலம் கழித்து, ரபி எலியேசர் முகங்குப்புற விழுந்து மன்றாடிய ஒரு நாளில், ரபான் கமாலியேல் இறந்துபோகிறார்.

இந்தப் பிற்பகுதியை ஒரு பிற்சேர்க்கையாகக் கருதிக் கடந்துவிடக் கூடாது என்பதே என் வாதம். கதை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இது தல்மூதின் பாவா மெத்சியா என்னும் நூலின் நான்காம் அதிகாரத்தில், 59ஆம் ஏட்டில் வருகிறது. நீதிமன்ற அதிகாரத்தைப் பற்றிய நூல் சன்ஹெத்ரின்; தூய்மை தீட்டுச் சட்டங்களுக்கோ தனிப் பகுதியே இருக்கிறது. நான்காம் அதிகாரம் பேசுவது வாங்குவது விற்பதில் நிகழும் அநீதியைப் பற்றி. பொருளின் மதிப்பில் ஆறில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கினால் அது அநீதி என்று அளவு வகுத்த பிறகு, தல்மூதின் மூலச்சட்ட நூலான மிஷ்னா திடீரென்று வேறு திசையில் திரும்புகிறது: வாணிபத்தில் அநீதி இருப்பதுபோலவே சொல்லிலும் அநீதி உண்டு. வாங்கும் எண்ணமில்லாதவன் கடைக்காரனிடம் விலை கேட்கக் கூடாது. மனந்திருந்தி வந்தவனிடம் அவனுடைய பழைய செயல்களை நினைவூட்டக் கூடாது. மதம் மாறி வந்தோரின் பிள்ளையிடம் அவனுடைய முன்னோர் செய்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது.

இதற்கு விளக்கமாகத் தொடரும் கெமாரா இன்னும் தொலைவு செல்கிறது. நோயாலோ, பிள்ளைகளை அடக்கம் செய்த துயராலோ வாடுகிறவனிடம், யோபுவின் நண்பர்கள் பேசியதுபோல, குற்றமற்றவன் எவனாவது அழிந்ததுண்டா என்று பேசக் கூடாது. பணத்தில் இழைத்த அநீதியைவிடச் சொல்லில் இழைத்த அநீதி கொடியது. முன்னது ஒருவனின் உடைமையைத் தொடுகிறது, பின்னது அவனையே தொடுகிறது. முன்னதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், பின்னதைத் திருப்பித் தர வழியில்லை. பலர் முன்னிலையில் ஒருவனை வெட்கி முகம் வெளுக்கச் செய்பவன் இரத்தம் சிந்தியவனுக்கு ஒப்பாவான் என்று ஒருவர் ஓதியபோது, ரவ் நஹ்மான் பர் யிட்ஸ்ஹாக், 'நன்றாகச் சொன்னாய், சிவப்பு மறைந்து வெண்மை ஏறுவதை நாம் காண்கிறோமே' என்றார்.

இந்த வரிகளைத் தொடர்ந்துதான் அடுப்பின் கதை வருகிறது. தொகுத்தவர்கள் அறியாமல் இங்கே வைத்திருக்க மாட்டார்கள். தீர்ப்பு சரியாக இருந்தபோதும், தோற்றவரை வென்றவர்கள் நடத்திய விதம் பெருங்குற்றமாக இருக்க முடியும் என்பதைச் சொல்லவே இந்தக் கதை இந்த இடத்தில் நிற்கிறது என்று நான் வாசிக்கிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

வடகரை எழுதியது:

கதை வைக்கப்பட்ட இடத்தைப் பற்றிய உங்கள் கவனிப்பை மதிக்கிறேன், ஐயா. ஆயினும் பல நூற்றாண்டுகளாக உரையாசிரியர்கள் இந்தக் கதையில் முதன்மையாகக் கண்டது அதிகாரத்தைப் பற்றிய கேள்வியையே என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்கள் அனைவரும் பிற்பகுதியைப் படிக்காதவர்கள் அல்லர்.

இடைக்காலத் தல்மூத் உரையான தோசஃபோத் எழுப்பும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏருவின் நூலின் 13ஆம் ஏட்டில், ஹில்லேல் பள்ளியும் ஷம்மாய் பள்ளியும் மூன்று ஆண்டுகள் வாதிட்ட பின், வானக்குரல் எழுந்து, 'இவையும் அவையும் வாழும் இறைவனின் சொற்களே, ஆனால் சட்டம் ஹில்லேல் பள்ளியின்படியே' என்றது. அந்தக் குரலை எல்லோரும் ஏற்றார்கள். அங்கே ஏற்ற குரலை இங்கே ஏன் புறக்கணித்தார்கள்? தோசஃபோத் தரும் ஒரு விடை, இங்கே எழுந்த குரல் ரபி எலியேசரின் மதிப்பைக் காக்கவே எழுந்தது என்பது. இன்னொரு விடை, ஹில்லேல் பள்ளியினர் ஏற்கெனவே பெரும்பான்மையினர், ஷம்மாய் பள்ளியினர் கூர்மதி மிக்கவர்கள் என்பதால்தான் ஐயம் எழுந்தது, குரல் அந்த ஐயத்தைத் தீர்த்தது என்பது. இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பில், சட்டம் இன்னாரின்படியே என்று இறைவன் தமக்கு அறிவித்ததாகச் சொல்லும் இறைவாக்கினரைப் பொய்யர் என்றே வைக்கிறார். அதற்கு அவர் காட்டும் வசனமும் 'அது வானத்தில் இல்லை' என்பதே.

இவர்களைவிடத் துணிவாகப் பேசியவர் 14ஆம் நூற்றாண்டில் பார்சிலோனாவில் வாழ்ந்த ரபேனு நிஸ்ஸிம். ரபி எலியேசரே உண்மைக்கு நெருக்கமானவர் என்பதை அறிஞர்கள் தெளிவாகக் கண்டார்கள். இருந்தும், தீர்ப்பு அந்தந்தத் தலைமுறையின் அறிஞர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதால், தங்கள் அறிவுக்கு எட்டியபடியே முடிவெடுத்தார்கள் என்று அவர் தம் பிரசங்கங்களில் எழுதுகிறார். இது எவ்வளவு பெரிய கருத்து என்று எண்ணிப் பாருங்கள். தவறக்கூடிய மனிதர்களிடம் இறைவன் சட்டத்தைக் கொடுத்துவிட்டு, அவர்கள் தவறும்போதும் அதைத் திரும்பப் பறிக்காமல் இருக்கிறார். இதை விட்டுவிட்டு, கதையை மனம் நோகாமல் பேசுவதற்கான அறிவுரையாகக் குறுக்கினால், அதன் எலும்பையே உருவிவிடுகிறோம் என்று அஞ்சுகிறேன்.

வினாக்குறி எழுதியது:

இருவருக்கும் நன்றி. எனக்கு அடிப்படையான ஓர் ஐயம் இருக்கிறது. ஓர் அடுப்புக்காகவா இவ்வளவும்? அந்த அடுப்பில் அப்படி என்ன இருந்தது? பொருள்களைக் கொண்டுவந்து எரித்ததன் பொருள் என்ன?

ஏட்டுச்சுவடி எழுதியது:

லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தின்படி, தீட்டுப்பட்ட மண்பாத்திரத்தைக் கழுவித் தூய்மையாக்க முடியாது. அதை உடைக்கவே வேண்டும். ரொட்டி சுடும் மண் அடுப்புக்கும் இதே சட்டம். உடைந்தது பாத்திரம் ஆகாது என்பதால் அதில் தீட்டு ஒட்டுவதில்லை. அக்னாய் அடுப்பை வளையம் வளையமாக அறுத்து, வளையங்களுக்கு இடையே மணலை இட்டிருந்தார்கள். துண்டுகளை மணல் பிரித்து நிற்பதால் இது உடைந்த பாத்திரமே, தீட்டுப்படாது என்றார் ரபி எலியேசர். வெளிப்புறத்தில் பூசிய மண்பூச்சு எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிடுகிறது, ஆகவே இது முழுப் பாத்திரமே என்றார்கள் மற்றவர்கள். நுட்பமான கேள்விதான்; ஆனால் எருசலேம் ஆலயம் இடிந்த பின்னும் தூய்மைச் சட்டங்களைக் கைக்கொண்டு உணவருந்திய ஒரு சமூகத்தில், ஒரு வீட்டின் ரொட்டியை இன்னொரு வீட்டார் உண்ணலாமா என்பதை இத்தகைய கேள்விகளே தீர்மானித்தன.

எரித்தது எதை என்றால், ரபி எலியேசரின் தீர்ப்பை நம்பி மக்கள் தூய்மையானவையாக வைத்திருந்தவற்றை. பெரும்பான்மையின் தீர்ப்பை நடைமுறைப்படுத்த அதைப் பயன்படுத்தாமல் விலக்கினாலே போதும். அதே நாளில் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொளுத்தியதை வேறு விதமாக என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அது அவருடைய கற்பித்தல் முழுவதன் மீதும் பகிரங்கமாகத் தீ வைத்தது போன்றது.

வடகரை அவர்களுக்கு ஒரு சொல்: இதே சர்ச்சை மிஷ்னாவிலும் இருக்கிறது, கெலிம் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில். அங்கே மரமும் இல்லை, ஓடையும் இல்லை. ரபி எலியேசரின் கருத்து, அறிஞர்களின் கருத்து, இதுவே அக்னாய் அடுப்பு என்னும் குறிப்பு, அவ்வளவே. மிஷ்னாவில் எறியப்படாமல் காக்கப்பட்ட கருத்துக்குரியவரைத்தான் கல்விக்கூடம் வெளியே தள்ளியது. சிறுபான்மையினரின் கருத்தை ஏன் பதிவுசெய்ய வேண்டும் என்று எதுயோத் நூலின் முதல் அதிகாரமே கேட்டு, பிற்காலத்தில் வரும் ஒரு நீதிமன்றம் அதன்மேல் சாய்ந்து நிற்கக்கூடும் என்று விடை சொல்கிறது. கருத்தை மதிக்கும் வழியை அவர்கள் அறிந்திருந்தார்கள். மனிதரிடம் அந்த மதிப்பைக் காட்டத் தவறினார்கள்.

தெளிநீர் எழுதியது:

கதையின் முடிவில் வரும் பெண்ணைப் பற்றி இதுவரை எவரும் பேசவில்லை. இமா ஷாலோம் ரபி எலியேசரின் மனைவி. ரபான் கமாலியேலின் உடன்பிறந்தவள். விலக்கப்பட்டவர் கணவர், விலக்கிய அவையின் தலைவர் சகோதரர். இந்த விலக்கு அவளுடைய வீட்டுக்குள்ளேயே நடந்தது.

அந்த நிகழ்வுக்குப் பின், கணவர் முகங்குப்புற விழுந்து மன்றாடாதபடி அவள் காத்துவந்தாள் என்று தல்மூத் சொல்கிறது. வழக்கமான தொழுகைக்குப் பின், ஒருவர் தம் சொந்த வேதனையைக் கொட்டி மன்றாடும் நேரம் அது. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் அருகில் இருந்து தடுப்பது என்றால் என்ன வாழ்க்கை அது! மாதப் பிறப்பு நாளில் அந்த மன்றாட்டு கிடையாது. ஒரு நாள், மாதத்துக்கு இருபத்தொன்பது நாளா முப்பது நாளா என்ற கணக்கில் குழம்பி, அன்று மாதப் பிறப்பு என்று எண்ணிக் காவலை விட்டுவிட்டாள். வேறொரு மரபின்படி, வாசலில் வந்து நின்ற ஏழைக்கு ரொட்டி கொடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது அவர் விழுந்து கிடந்தார். 'எழுந்திருங்கள், என் சகோதரனைக் கொன்றுவிட்டீர்கள்' என்றாள். அதற்குள் ரபான் கமாலியேலின் வீட்டிலிருந்து கொம்பு ஊதப்பட்டு, அவர் இறந்த செய்தி வெளிவந்தது. எப்படி அறிந்தாய் என்று கணவர் கேட்க, அவள் சொன்ன விடை: 'என் தந்தைவழிப் பாட்டனார் வீட்டிலிருந்து எனக்கு ஒரு மரபு வந்திருக்கிறது. எல்லா வாயில்களும் பூட்டப்படுகின்றன, நோகடிக்கப்பட்டோரின் வாயில் மட்டும் பூட்டப்படுவதில்லை.'

இந்தக் கடைசி வாக்கியம் அதே ஏட்டின் முற்பக்கத்தில் ரவ் ஹிஸ்தா சொன்னதாகவும் வருகிறது. சொல்லால் இழைத்த அநீதியைக் குறித்துக் கதறுபவனுக்கு முன் அந்த வாயில் அடைபடாது என்று உரையாசிரியர் ராஷி அங்கே விளக்குகிறார். அறிஞர் அவையில் இருந்த எவருக்கும் தோன்றாத இந்தச் சட்டம், அவையில் இடமே இல்லாத ஒரு பெண்ணிடம் குடும்ப மரபாக இருந்திருக்கிறது. அவளுக்கு அதைக் கொடுத்தது எந்த வீடு என்பதையும் பாருங்கள். அது தலைவர்களின் வீடு, ரபான் கமாலியேல் பிறந்த அதே வீடு. அவரும் இதைக் கேட்டு வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வடகரை அவர்கள் இதை மென்மையான அறிவுரை என்று கருதுகிறார். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. வானக்குரலையே ஏற்காத கல்விக்கூடத்தால் ஒரு மனிதரின் கண்ணீருக்கு எதிராக வாக்கெடுக்க முடியவில்லை. வானத்திலிருந்து சட்டம் இறங்கி வர முடியாது என்று அவர்கள் நிறுவினார்கள். கண்ணீர் மேலே ஏறிப் போவதை அவர்களால் தடுக்க முடியவில்லை.

வடகரை எழுதியது:

தெளிநீர் அவர்களின் பதிவு என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஆயினும் ரபான் கமாலியேலுக்காகப் பேச இங்கே ஒருவராவது வேண்டும்.

அலை எழுந்தபோது அவர் சொன்னதைக் கேளுங்கள்: 'உலகின் தலைவரே, என் மதிப்புக்காகவோ என் தந்தையின் குடும்பத்தினுடைய மதிப்புக்காகவோ நான் இதைச் செய்யவில்லை, இஸ்ரவேலில் பிளவுகள் பெருகக் கூடாது என்று உம்முடைய மதிப்புக்காகவே செய்தேன் என்பது உமக்குத் தெரியும்.' கடல் உடனே அடங்கியது. தல்மூதின் கண்ணில் அவர் பொய் சொல்லவில்லை. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்துபோய், மக்களை ஒன்றாகப் பிடித்து வைத்திருந்த மையம் இல்லாமல் போன தலைமுறை அது. யாவ்னே என்னும் ஊரில் கூடிய அறிஞர்களிடம் படையும் இல்லை, ஆலயமும் இல்லை. ஒரே சட்டத்தின் கீழ் நிற்கும் ஒற்றுமை மட்டுமே இருந்தது. ஒரு பெரும் அறிஞர் தாம் தோற்ற பின்னும் பணியாமல் தம் வழியே கற்பித்துக்கொண்டிருந்தால், இரண்டு தோராக்கள் உருவாகிவிடும் என்ற அச்சம் வெறும் கற்பனை அன்று.

அவர் கடுமையானவர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ரோஷ் ஹஷானா மிஷ்னாவின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். மாதத் தொடக்கத்தை முடிவுசெய்யும் பிறைச் சாட்சியம் பற்றிய சர்ச்சையில், ரபி யோசுவாவின் கணக்குப்படி பாவநிவாரண நாளாக வரும் தினத்தில், கைத்தடியோடும் பணத்தோடும் தம்மிடம் வரும்படி ரபான் கமாலியேல் அவருக்கு ஆணையிட்டார். ரபி யோசுவா வேதனையோடு, ஆனால் பணிந்து, யாவ்னேக்குப் போனார். ரபான் கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, 'சமாதானத்தோடு வாருங்கள், என் ஆசானே, என் மாணவரே; ஞானத்தில் என் ஆசான், என் சொல்லை ஏற்றதால் என் மாணவர்' என்றார். பணிந்தவரை அவர் இப்படி நடத்தினார். ரபி எலியேசர் பணியவில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அந்த முத்தத்தை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் கதை அதோடு முடியவில்லையே. பெராகோத் 27ஆம் ஏட்டில், அதே ரபான் கமாலியேல், மாலைத் தொழுகை கட்டாயமா என்னும் சர்ச்சையில், ரபி யோசுவாவைப் பேரவை முன் எழுப்பி நிற்க வைத்து, தாம் அமர்ந்து விளக்கவுரையைத் தொடர்ந்தார். மக்கள் பொறுக்க முடியாமல் முணுமுணுத்து அவரைத் தலைமையிலிருந்தே இறக்கினார்கள். பின்னர் மன்னிப்புக் கேட்க ரபி யோசுவாவின் வீட்டுக்குச் சென்றவர், கரி படிந்த சுவர்களைக் கண்டு, 'நீர் கரித்தொழில் செய்பவர் என்று உம் வீட்டுச் சுவர்களே சொல்கின்றன' என்றார். 'நீர் தலைவராக இருக்கும் தலைமுறைக்கு ஐயோ! அறிஞர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்பது உமக்குத் தெரியவில்லையே' என்பது ரபி யோசுவாவின் மறுமொழி. இங்கே நின்றுகொண்டிருந்தவர் பணிந்தவர்தான். பணிந்தவருக்கும் அவமதிப்பு நேர்ந்தது.

கடல் அடங்கியதைப் பற்றி என் சொந்த வாசிப்பு ஒன்றைச் சொல்கிறேன். 59ஆம் ஏட்டின் முற்பக்கத்தில் ரபி எலாசார் ஒரு வாக்கியம் சொல்கிறார்: எல்லாக் குற்றங்களுக்கும் தண்டனை தூதன் கையால் வருகிறது, சொல்லால் நோகடித்த குற்றத்துக்கு மட்டும் அப்படி அன்று, இறைவனே நேரில் கணக்குப் பார்க்கிறார். அலை ஒரு தூதன். ரபான் கமாலியேலின் நோக்கம் தூயது என்பதால் தூதன் திரும்பிப் போனான். ஆனால் நோக்கம் தூயதாக இருந்தது என்பதனால் ரபி எலியேசரின் கண்ணீர் பொய்யாகிவிடவில்லை. ஒருவனுடைய உள்நோக்கம் நன்றாக இருந்தது என்பது ஒரு வழக்கு. இன்னொருவன் நொந்தான் என்பது வேறு வழக்கு. முதல் வழக்கில் அவர் வென்றார். இரண்டாவது வழக்கு தனியே நிலுவையில் இருந்தது.

பனையோலை எழுதியது:

ரபி அக்கீவாவைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். இந்தக் கதையில் வாழ்ந்து காட்ட வேண்டிய ஒருவர் உண்டென்றால் எனக்கு அவர்தான்.

விலக்குத் தீர்ப்பை யார் போய்ச் சொல்வது என்ற கேள்வி எழுந்தபோது, 'நான் போகிறேன். தகுதியற்ற ஒருவன் போய்ச் சொல்லி, உலகம் முழுவதையும் அழித்துவிடக் கூடாது' என்றார். கறுப்பு உடுத்தி, கறுப்புப் போர்த்தி, நான்கு முழம் தள்ளி அமர்ந்தார். விலக்கப்பட்டவரிடம் காக்க வேண்டிய தொலைவு அது. துக்க உடையோ செய்தி கொண்டுவந்தவரின் உடம்பில் இருந்தது. 'அக்கீவா, இன்றைக்கு என்ன வேறுபாடு?' என்று ஆசான் கேட்டார். 'என் ஆசானே, உங்கள் தோழர்கள் உங்களிடமிருந்து விலகியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது' என்பது விடை. நீங்கள் விலக்கப்பட்டீர்கள் என்று அவர் சொல்லவில்லை. விலகிப் போனவர்கள் தோழர்கள் என்று சொன்னார். தீர்ப்பின் ஒரு எழுத்தையும் மாற்றாமல், ஆசானுடைய மதிப்பின் ஒரு துளியையும் சிந்தாமல் செய்தியைக் கொடுத்தார்.

இன்னொன்று. ரபி எலியேசரே மிஷ்னாவின் அறிவுரை நூலான பிர்க்கே ஆவோத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஓர் அறிவுரையை விட்டுச் சென்றிருக்கிறார். 'உன் தோழனின் மதிப்பு உன் மதிப்பைப் போலவே உனக்கு அருமையாக இருக்கட்டும்' என்று அது தொடங்குகிறது. தொடர்ந்து, 'அறிஞர்களின் நெருப்பில் குளிர் காய்ந்துகொள், ஆனால் அவர்களின் தணலில் சுட்டுக்கொள்ளாதபடி எச்சரிக்கையாயிரு. அவர்களின் கடி நரியின் கடி, அவர்களின் கொட்டு தேளின் கொட்டு' என்கிறது. விலக்குக்கு முன் சொன்னாரா, பின் சொன்னாரா என்று நூல் குறிக்கவில்லை. ஆனால் அவர் வாழ்க்கையை அறிந்த பிறகு இந்த வரிகளை அமைதியாகப் படிப்பது எளிதன்று.

அவரையும் முழுக்கக் குற்றமற்றவராக்க நான் முனையவில்லை. அழுத நாளில் அவர் பார்வை பட்ட இடமெல்லாம் எரிந்தது என்று தல்மூதே சொல்கிறது. பயிரை இழந்த உழவர்கள் அவருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. பெரியவர்கள் மோதும்போது விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை இழப்பவர்கள் யார் என்பதைத் தொகுத்தவர்கள் மறைக்கவில்லை.

வினாக்குறி எழுதியது:

இவற்றையெல்லாம் படித்த பின் எனக்கு எழும் கேள்வி நடைமுறை பற்றியது. சொல்லால் நோகடிப்பது இவ்வளவு கொடிய குற்றம் என்றால், ஒருவன் என்னைத் தாக்கிப் பேசும்போது நான் வாய்மூடி இருக்க வேண்டுமா? இதைச் சட்டமாக எவராவது வகுத்திருக்கிறார்களா, அல்லது இது நல்லுரையாக மட்டுமே நிற்கிறதா?

பனையோலை எழுதியது:

சட்டமாகவே வகுத்திருக்கிறார்கள். மைமோனிடிஸ் இதை விற்பனைச் சட்டங்களின் 14ஆம் அதிகாரத்தில் வைக்கிறார். பிற்காலச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆருக் தன் ஹோஷென் மிஷ்பாத் பகுதியின் 228ஆம் பிரிவில் வைக்கிறது. கடன், வாணிபம், சாட்சியம் ஆகியவற்றைப் பேசும் நூல்களில் இது நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் எழுதப்பட்ட, ஆசிரியர் பெயர் உறுதியாகத் தெரியாத, தோராவின் கட்டளைகளை விளக்கும் சேஃபெர் ஹஹினுக் நூலில், 338ஆம் கட்டளையின் விளக்கத்தில் இருக்கிறது. ஒருவன் வலிய வந்து தீய சொற்களால் தாக்கினால், கேட்பவன் மறுமொழி சொல்லக் கூடாது என்பது இந்தக் கட்டளையின் கருத்தன்று, ஏனென்றால் மனிதன் கல்லைப்போல இருக்க முடியாது என்று அவர் எழுதுகிறார். தன்னைக் காத்துக்கொள்ள இடமுண்டு. அதே பகுதியில், பேச்சு செயலாகாது என்பதால் இந்தக் குற்றத்துக்குச் சாட்டையடி கிடையாது என்று சொல்லிவிட்டு, கன்றுத்தோல் வார் இல்லாமலே அடிக்கும் வழிகள் கட்டளையிட்ட தலைவரிடம் எத்தனையோ உண்டு என்று சேர்க்கிறார்.

நீதிமன்றம் தண்டிக்க முடியாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. தானியம் விற்றே இராத ஒருவனிடம், அவன் தானியம் விற்கிறான் போய்க் கேள் என்று கழுதை ஓட்டிகளை அனுப்புவதும் கெமாரா தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. கேலிக்காக அனுப்பினானா, உண்மையாகவே அங்கே தானியம் இருக்கும் என்று எண்ணி அனுப்பினானா என்று யார் அறிவார்? இத்தகைய குற்றம் உள்ளத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதனால்தான் லேவியராகமம் 25ஆம் அதிகாரம் இந்தத் தடையோடு 'உன் தேவனுக்கு அஞ்சு' என்று சேர்த்துச் சொல்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

தெளிநீர் எழுதியது:

இதே பாவா மெத்சியா நூலின் 84ஆம் ஏட்டைப் படிக்காமல் இந்த உரையாடல் நிறைவடையாது.

லாகிஷின் மகனான ரேஷ் லாகிஷ் ஒரு காலத்தில் கொள்ளையர் கூட்டத்தில் இருந்தவர். ரபி யோஹனான் அவரைத் தோராவின் பக்கம் திருப்பி, தம் சகோதரியை மணமுடித்துக் கொடுத்து, பெரும் அறிஞராக்கினார். ஒரு நாள் கல்விக்கூடத்தில் ஒரு சர்ச்சை: வாள், கத்தி, ஈட்டி ஆகியவை எந்தக் கட்டத்தில் முழுமை பெற்றுத் தீட்டுக்கு உரியவையாகின்றன? உலையில் காய்ச்சும்போது என்றார் ரபி யோஹனான். நீரில் தோய்த்து மெருகேற்றும்போது என்றார் ரேஷ் லாகிஷ். 'கொள்ளையனுக்குத் தன் தொழிற்கருவி தெரியும்' என்று ரபி யோஹனான் சொல்லிவிட்டார்.

மனந்திருந்தியவனிடம் பழைய செயல்களை நினைவூட்டக் கூடாது என்று இதே நூலின் நான்காம் அதிகாரம் தடுத்த சொல்லை, அந்த நூலை ஓதிக் கற்பித்த பெரியவரே சொன்னார். ரேஷ் லாகிஷ் நோயுற்றார். ரபி யோஹனானின் சகோதரி அழுது மன்றாடியும் அவர் மனமிரங்கவில்லை. ரேஷ் லாகிஷ் இறந்தார்.

பிறகு துயரத்தில் ஆழ்ந்த ரபி யோஹனானைத் தேற்ற ரபி எலாசார் பென் பெதாத் அனுப்பப்பட்டார். ரபி யோஹனான் எதைச் சொன்னாலும், உங்களுக்கு ஆதரவாக ஒரு பழைய மரபுரை இருக்கிறது என்று அவர் சொல்வார். 'நீ லாகிஷின் மகனைப் போன்றவனா? நான் ஒன்று சொன்னால் அவன் 24 தடைகள் எழுப்புவான், நான் 24 விடைகள் சொல்வேன், அதனால் சட்டம் விரிவடையும். நான் சரியாகச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியாதா?' என்று கதறி, ஆடையைக் கிழித்து, லாகிஷின் மகனே எங்கே இருக்கிறாய் என்று அழுது, அறிவு கலங்கிப்போனார்.

இரு கதைகளிலும் சர்ச்சை ஒரு கைவினைப் பொருளின் தூய்மையைப் பற்றியது. இரண்டிலும் கல்விக்கூடத்தின் மிகக் கூரிய எதிர்க்குரல் அணைக்கப்படுகிறது. அடுப்பின் கதையில் அதைச் செய்தது வாக்கெடுப்பு, இங்கே ஒற்றை வாக்கியம். வடகரை அவர்கள் பேசும் அந்தப் பெரிய அதிகாரம், மனிதர்கள் வாதிட்டுச் சட்டத்தைக் கண்டடையும் அதிகாரம், எதிர்த்துப் பேசுபவர் உயிரோடும் மதிப்போடும் எதிரில் இருந்தால்தானே இயங்கும்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ரபி எலியேசரின் இறுதி நாள் சன்ஹெத்ரின் 68ஆம் ஏட்டில் இருக்கிறது. இந்த இழையில் அதுவும் இடம்பெற வேண்டும். அவர் நோயுற்றபோது ரபி அக்கீவாவும் தோழர்களும் வந்தார்கள். அப்போதும் நான்கு முழம் தள்ளியே அமர்ந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். தோரா கற்க வந்தோம் என்றார்கள். இதுவரை ஏன் வரவில்லை என்று கேட்டார். நேரம் இல்லை என்றார்கள். அவர் தம் இரு கைகளையும் நெஞ்சின்மேல் வைத்து, 'சுருட்டி வைக்கப்பட்ட இரண்டு தோராச் சுருள்களைப் போன்ற என் கைகளே, உங்களுக்கு ஐயோ' என்றார். தாம் கற்றது ஏராளம், கற்பித்ததும் ஏராளம், ஆனால் தம் மாணவர்கள் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது மிகச் சிறிது என்று வருந்தினார். அவருடைய ஆசான் ரபான் யோஹனான் பென் சக்காய் அவரைத்தான் ஒரு துளியும் கசியாத சாந்து பூசிய தொட்டி என்று புகழ்ந்திருந்தார்.

பின்னர் அவர்கள் தூய்மை பற்றிய கேள்விகளைக் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு 'தூயது' என்று விடை சொல்லி, அந்தச் சொல்லோடு உயிர் பிரிந்தது. அடுப்பு வழக்கில் அவரை எதிர்த்து நின்ற அதே ரபி யோசுவா எழுந்து, விலக்கு நீங்கியது என்று அறிவித்தார். செசரியாவுக்கும் லோதுக்கும் இடையே பாடையை எதிர்கொண்ட ரபி அக்கீவா, குருதி வழியும்வரை தம் உடலில் அடித்துக்கொண்டு, 'என்னிடம் நாணயங்கள் ஏராளம் இருக்கின்றன, மாற்றித் தரும் நாணயமாற்றுநர் இல்லையே' என்று அழுதார். கேட்க வேண்டிய கேள்விகள் அவரிடம் அவ்வளவு இருந்திருக்கின்றன. நான்கு முழத் தொலைவு அந்தக் கேள்விகளை அத்தனை ஆண்டுகள் தடுத்துவைத்தது.

வடகரை எழுதியது:

ஒன்றை ஏற்கிறேன். பிளவைத் தடுக்கச் செய்த விலக்கு, மாணவர்களுக்கும் ஆசானுக்கும் இடையே ஒரு பிளவையே உண்டாக்கியது என்பதை 68ஆம் ஏடு மறுக்க முடியாதபடி காட்டுகிறது. பொருள்களை எரித்தது தேவையற்றது என்பதையும் ஏற்கிறேன்.

ஆனால் ரபான் கமாலியேலின் மன்றாட்டுக்குக் கடல் அடங்கியது என்னும் வரியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த வரி இல்லையென்றால், பொதுத்தீர்ப்பைக் காக்கும் பொறுப்பை ஏற்க எந்தத் தலைவரும் துணிய மாட்டார். பணியாத ஒரு பெரியவரை விலக்காமலும் சட்டத்தை இரண்டாக உடையவிடாமலும் யாவ்னேயில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதற்கு இந்த இழையில் இன்னும் எவரும் விடை தரவில்லை. ரபி அக்கீவா செய்தியைச் சொன்ன விதம் அந்த விடையின் பாதியாக இருக்கலாம். மறுபாதியை மொயேத் காத்தான் நூலின் மூன்றாம் அதிகாரத்தில், விலக்கின் காலத்தையும் அளவையும் பற்றிய சட்டங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். மற்றொரு தல்மூதான எருசலேம் தல்மூத் இந்த அடுப்புக் கதையை அந்த நூலில்தான் வைத்திருக்கிறது. அதைப் படித்து முடித்ததும் இங்கேயே எழுதுகிறேன்.